பண்ணையில் தங்கப் போகிறீர்களா? தேனீப் பெட்டியையும் தறியையும் தொட்டுப் பாருங்கள்

பண்ணைக்குப் போனால் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாமல் ஏதாவது ஒரு வேலையைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. தேனீ வளர்ப்பு, நெசவு இரண்டும் இருக்கிற இடமென்றால் விடவே விடாதீர்கள். பதிவு செய்யும் முன் மட்டும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பெட்டிக்குள் தேனடை கட்டியிருக்கும் சட்டத்தை நம்மைத் தூக்க விடுவார்களா, தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றித் தயாராக வைத்திருப்பார்களா? பாவு ஓட்டி ஒவ்வொரு இழையாக, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்புப் போன்ற அச்சிலும் கோப்பதற்கே ஒரு நாள் ஓடிவிடும்.

தேனீ வேலைக்கு வெயில் ஏறிய, காற்றில்லாத நேரம்தான் சரி, ஏனென்றால் அப்போது வயதில் மூத்த தேனீக்களில் பெரும்பாலானவை இரை தேடி வெளியே போயிருக்கும், பெட்டியும் கொஞ்சம் அமைதியாக இருக்கும். மழை மூட்டமாக இருந்தால் திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள், வாசனைத் திரவியம் வேண்டாம், கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பெட்டியின் வாசலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

புகையை ஓரிரு முறை லேசாகக் காட்டினால் போதும். கொட்டும் தேனீ விடுகிற அபாய வாசனையைப் புகை மறைத்துவிடும், அதோடு தேனீக்கள் தேனைக் குடிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் சட்டத்தை நேர்மேலாக, மெதுவாக, பக்கத்துச் சட்டத்தில் உரசாமல் தூக்கி, பெட்டிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து தேனடையின் அறைகளுக்குள் பாருங்கள். அடியில் அரிசி நொய் போல வெள்ளையாக ஒன்று நின்றால் அது முட்டை; ராணி மூன்று நாளுக்குள் அங்கே வந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு ராணியைப் பார்ப்பதைவிட இதைக் கண்டுபிடிப்பதில்தான் சந்தோஷம் அதிகம்.

கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள், உள்ளே இருக்க இருக்க விஷம் இறங்கும். மூச்சுத் திணறல், முக வீக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே ஒவ்வாமை உள்ளவர்கள் பெட்டிப் பக்கமே போக வேண்டாம்.

தறிக்கு மதியம் உட்காருங்கள், அதற்கு முன் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்டியிலுள்ள தேனீப் பிசின் விரலில் ஒட்டியிருந்தால் நூலில் கறையாக இறங்கிவிடும், சோப்புக்குப் போகாவிட்டால் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மறுபடி சோப்புப் போடுங்கள்.

மிதியை மிதித்து, பாவு இழைகள் மேலும் கீழுமாகத் திறந்ததும் நடுவே நூல் சுற்றிய நாடாவை விட்டு, அது விட்டுப் போகிற குறுக்கு நூலான ஊடையை அச்சால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் புதிதாக நெய்கிறவர்கள் எல்லோருக்கும் துணி நடுவில் இடுப்புப் போலக் குறுகிவிடும். ஊடையை விறைப்பாக இழுப்பதுதான் காரணம். நூலைச் சாய்வாக, கொஞ்சம் தளர்வாக விட்டுவிட்டு அப்புறம் அடியுங்கள், அது பாவு இழைகளுக்கு மேலும் கீழுமாக வளைந்து போக நீளம் கிடைக்கும். அடியும் ஒரே அளவில் விழ வேண்டும், வேகம் தானாக வரும். இழை அறுந்தால் பதறாமல் சொல்லிக்கொடுப்பவரைக் கூப்பிடுங்கள், முடிச்சுப் போடுவதைப் பக்கத்திலிருந்து பாருங்கள்.

நெய்ததை எடுத்துப் போக விடுவார்களானால், தறியிலிருந்து வெட்டும்போது பாவு நுனியை நீளமாக விட்டு வெட்டச் சொல்லி, நாலைந்து இழையாகச் சேர்த்து உடனே முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஓரம் பிரிந்துவிடும்.