பழைய வீட்டு ஒயரிங் மாத்தணுமா? சுவிட்ச் போர்டுல ஆரம்பிக்காதீங்க

1970, 80கள்ல கட்டுன வீட்ல நிறைய பேர் பண்றது என்னன்னா, கருப்பு சுவிட்ச எல்லாம் கழட்டிட்டு வெள்ளையா மாடுலர் சுவிட்ச் போட்டு, ஃபியூஸ் கட்டைய தூக்கிட்டு எம்சிபி (லோடு அதிகமானா தானா விழுற சுவிட்ச்) பாக்ஸ் மாட்டிட்டு, ஒயரிங் மாத்தியாச்சுனு நெனச்சுக்கறது. உள்ள ஓடுறது அதே பழைய ஒயர்தான். நாலு லைட்டு ரெண்டு ஃபேனுக்குனு அன்னைக்கு இழுத்த லைன்ல இப்ப ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்புனு எல்லாத்தையும் ஏத்துறோம்.

மொதல்ல லைசென்ஸ் உள்ள ஒரு ஒயர்மேன வச்சு ரெண்டு மூணு போர்ட திறந்து பாக்க சொல்லுங்க. மெயின ஆஃப் பண்ணாலும் மீட்டர்ல இருந்து மெயின் சுவிட்சுக்கு வர்ற ஒயர்ல கரண்ட் இருக்கும், அதனால நீங்களே ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேணாம். மரச்சட்டத்துல ஓடுற ஒயர், துணி சுத்துன ரப்பர் ஒயர், அலுமினிய ஒயர், இதுல எது இருந்தாலும் ஒட்டுப்போடாம முழுசா மாத்திடுங்க. மெகர்ங்கற கருவி வச்சு 500 வோல்ட்ல இன்சுலேஷன் (ஒயர் மேல இருக்கற உறை) டெஸ்ட் பண்ண சொல்லுங்க, 1 மெகாஓமுக்கு கீழ வந்தா அந்த லைன் தேறாது. மழை காலத்துல சுவத்த தொட்டா ஷாக் அடிக்குதுன்னா டெஸ்ட்டுக்கு முன்னாடியே பதில் தெரிஞ்சிடுச்சு.

அடுத்து ஒயர் சைஸ். லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், 16 ஆம்ப் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியா 4. எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள காப்பர். எம்சிபி ஒயர காப்பாத்தத்தான் இருக்கு, அதனால 1.5க்கு 10 ஆம்ப், 2.5க்கு 16, 4க்கு 20னு போட்டா போதும். அடிக்கடி டிரிப் ஆகுதுனு 32 போட்டு குடுக்கற ஆள் இருக்காங்க பாருங்க, அவங்கள வீட்டுக்குள்ளயே விடாதீங்க, எம்சிபி விழாது, ஒயர்தான் உருகும்.

சுண்ணாம்பு கலவை சுவர்னா வெட்டி பைப் பதிக்க வேணாம்னுதான் நான் சொல்வேன், பொலபொலனு கொட்டும். வெளிய பிவிசி கேசிங், அதாவது ஒயர் ஓடுற மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை அடிங்க. பார்வைக்கு கொஞ்சம் சுமார்தான், ஆனா நாளைக்கு ரிப்பேர்னா மூடிய கழட்டினா வேலை முடிஞ்சது.

எர்த்துதான் பெரிய தலைவலி. பழைய வீடுகள்ல எர்த் ஒயர இரும்பு தண்ணி பைப்புல கட்டியிருப்பாங்க, அப்புறம் பைப்ப பிவிசியா மாத்துனப்பவே எர்த் போயிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சில பேர் பிளக்குக்குள்ள நியூட்ரலையும் (கரண்ட் திரும்பி போற ஒயர்) எர்த்தையும் ஒண்ணா சேத்து விட்ருப்பாங்க. வெளிய எங்கயாவது நியூட்ரல் கட்டாச்சுன்னா ஃப்ரிட்ஜ் பாடி முழுக்க கரண்ட் வந்துடும், உயிர் போற விஷயம். அதனால புதுசா எர்த் குழி போட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை ஒயர் தனியா இழுத்தே ஆகணும்.

டிபில (எம்சிபி எல்லாம் இருக்கற பெட்டி) 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி கண்டிப்பா வேணும். போற கரண்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்டும் ஒத்து வரலன்னா லைன கட் பண்ற சுவிட்ச் இது, ஷாக்ல இருந்து ஆள காப்பாத்தறது அதுதான். பழைய வீட்ல இத மாட்டுன உடனே சும்மா சும்மா விழும், காரணம் ஒரு ரூம் நியூட்ரல இன்னொரு ரூம்ல இருந்து எடுத்திருப்பாங்க, இன்வெர்ட்டர் லைன் இருந்தா குழப்பம் டபுள். அந்த நேரம் 'ஆர்சிசிபி சரியில்ல சார், எடுத்துடலாம்'னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க, நியூட்ரல பிரிக்க சொல்லுங்க.

மீட்டர் சீல், அதுக்கு முன்னாடி இருக்கற ஃபியூஸ் எல்லாம் இபி ஆளுங்க வேலை. ஏசி, கீசர் சேருதுன்னா லோடு கூட்டவும் அங்கதான் எழுதிக் குடுக்கணும்.

வேலை முடிஞ்சதும் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அழுத்தி விழுதானு பாருங்க, ஒவ்வொரு எம்சிபியா ஆஃப் பண்ணி எந்த ரூம் போகுதுனு டிபி மூடில எழுத சொல்லுங்க. மீதி காசு அதுக்கப்புறம் குடுத்தா போதும்.