வால்வு ரேடியோவுக்குப் புதுக் கெப்பாசிட்டர்: எந்த இடத்துக்கு எது?

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவைத் துடைத்ததும் பிளக்கில் செருகிப் பார்க்கத்தான் கை துடிக்கும். செருகாதீர்கள். 1950, 60களின் செட்டுகளில் காகிதக் கெப்பாசிட்டர்கள் நிறைய இருக்கும். பழைய மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். ஈரம் ஏறிய காகிதம், தடுத்து நிறுத்த வேண்டிய டிசி மின்சாரத்தைக் கசியவிடும். அந்தக் கசிவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகினால் அதே அளவில் வேறொன்று கிடைப்பது கடினம்.

இங்கே சொல்வது மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், இஎல்84 அவுட்புட் வால்வு, ஏசியை டிசியாக்கும் இஇசட்80 ரெக்டிஃபையர் வால்வு உள்ள செட்டுக்கு. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏசி/டிசி செட்டில் சேசிஸிலேயே (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் மின்சாரம் இருக்கக்கூடும். தொழில் பழகும் இடம் அதுவல்ல.

1. மின்சாரத்தை வடியுங்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சமனாக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப் ஒயரில் மாட்டி, அந்தக் கெப்பாசிட்டரின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே 10 விநாடி வைத்திருங்கள். மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் கை வைக்கலாம்.

2. குறித்துக்கொள்ளுங்கள்

படம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் அளவையும் எந்தப் பின்னுக்குப் போகிறது என்பதையும் எழுதுங்கள். ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, பிறகு அடுத்தது. பழைய 0.05 மைக்ரோஃபாரட் இப்போது 0.047 ஆகக் கிடைக்கும் (மேலே 473 என்றிருக்கும்), 0.02-க்கு 0.022 (223). 0.01 (103), 0.1 (104) இரண்டும் அப்படியே கிடைக்கும். இந்தச் சிறு வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

3. கப்ளிங் கெப்பாசிட்டர்

வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது. முன் வால்வின் ஆனோடிலிருந்து (பாசிட்டிவ் தகடு) இஎல்84-இன் 2-ஆம் பின்னுக்கு, அதாவது சிக்னல் நுழையும் கிரிட்டுக்கு, வருவது இது. ஆனோடில் 100 வோல்ட், கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோஓம் என்று வையுங்கள். கெப்பாசிட்டரில் 10 மெகாஓம் அளவுக்குக் கசிவு இருந்தாலே கிரிட்டில் ஏறக்குறைய 4.5 வோல்ட் பாசிட்டிவ் ஏறிவிடும். எலக்ட்ரானை உமிழும் கேத்தோடைவிட 7 வோல்ட் கீழே நிற்க வேண்டிய கிரிட் அது. வால்வு கட்டுக்கடங்காமல் மின்சாரம் இழுக்கும், ஆனோட் தகடு சிவக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சுடும்.

மல்டிமீட்டரில் அளவு சரியாகக் காட்டியது என்று பழையதையே விட்டுவைக்க வேண்டாம். மீட்டர் சோதிப்பது ஓரிரு வோல்ட்டில். கசிவு தலைகாட்டுவது நூறு வோல்ட்டில். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம், 630 வோல்ட் வாங்குங்கள். இதில் பிளஸ், மைனஸ் கிடையாது. விலை உயர்ந்த 'ஆடியோ கிரேட்' சரக்கு இந்த ரேடியோவுக்கு அவசியமே இல்லை.

4. ஆனோடில் உள்ள டோன் கெப்பாசிட்டர்

இஎல்84-இன் 7-ஆம் பின்னிலிருந்து (ஆனோட்) சேசிஸுக்கோ ஹெச்டி லைனுக்கோ (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ் டிசி) 0.0047 மைக்ரோஃபாரட் போன்ற ஒன்று போகும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உதைக்கும்போது ஹெச்டியைவிட மிக உயர்ந்த வோல்ட்டேஜ் இங்கே எழும். 630 போதாது, 1,000 வோல்ட்டுக்குக் குறையாமல் போடுங்கள். சேசிஸுக்குப் போவது ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி எரிந்துவிடும்.

5. ஃபில்டர்

அலுமினிய டப்பாவில் 32+32 அல்லது 50+50 மைக்ரோஃபாரட் இருக்கும். பதிலுக்கு 33 அல்லது 47, 450 வோல்ட், 105 டிகிரி. 350 வோல்ட் ஏன் போதாது? மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் 250 வோல்ட் ஏசி சுற்றின் உச்சமே 353 வோல்ட். வால்வுகள் சூடாகி மின்சாரம் இழுக்கும்வரை அந்த உச்சத்தைக் கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும்.

ஹம் (ஸ்பீக்கரின் ரீங்கார இரைச்சல்) குறையட்டும் என்று, ரெக்டிஃபையரை அடுத்த முதல் கெப்பாசிட்டரில் 100 மைக்ரோஃபாரட் போடுவது பலர் செய்யும் தவறு. இஇசட்80-க்கு அந்த இடத்தில் உச்சவரம்பு 50. மீறினால் சார்ஜ் ஏறும் வேகத்தில் அதன் கேத்தோடு கெடும்.

டப்பாவை அழகுக்காக மேலே விட்டுவிட்டு, ஒயர்களை மட்டும் கழற்றி, புதியதைச் சேசிஸுக்கு அடியில் பொருத்தலாம். பழையதற்கு இணையாகச் சேர்க்காதீர்கள். சில செட்டுகளில் டப்பாவின் நெகட்டிவ் நேராகச் சேசிஸுக்குப் போகாமல் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். டப்பாவுக்கு அடியில் அட்டை வளையம் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய நெகட்டிவ் எங்கே போனதோ, புதியதும் அங்கேதான்.

இஎல்84 கேத்தோடில் உள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக்கையும் மாற்றுங்கள்: 47 மைக்ரோஃபாரட், 35 வோல்ட்.

6. மெயின்ஸ் பக்கம்

இங்கே சாதாரண ஃபிலிம் வேண்டாம். இரண்டு மெயின்ஸ் ஒயருக்கும் குறுக்கே இருப்பது எக்ஸ்2 வகை, மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போவது ஒய்2 வகை; இரண்டும் மெயின்ஸுக்கென்றே செய்த பாதுகாப்பு வகைகள். ஒய்2-வில் 0.0047 மைக்ரோஃபாரட்டைத் தாண்டாதீர்கள், தாண்டினால் எர்த் இல்லாத சேசிஸைத் தொடும்போது கை சுருக்கென்கும்.

ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) டியூனிங் டப்பாக்களுக்குள் இருக்கும் சிறிய பிகோஃபாரட் மைக்காக்களைத் தொடாதீர்கள். அலைன்மென்ட் கலைந்தால் ஸ்டேஷன்களே கிடைக்காது.

7. மின்சாரம் கொடுத்தல்

60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் போடுங்கள், எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காவிட்டால் உடனே அணையுங்கள்.

மங்கினால் பல்பை எடுத்துவிட்டு நேரடி மெயின்ஸில் இஎல்84-ஐ அளக்கலாம். 2-ஆம் பின்னில் ஏறக்குறைய பூஜ்யம், 3-ஆம் பின்னில் (கேத்தோடு) சுமார் 7 வோல்ட். புதுக் கெப்பாசிட்டர் போட்டும் 2-இல் பாசிட்டிவ் தெரிந்தால், செட்டை அணைத்து வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி சற்று நேரம் மட்டும் போட்டு அளங்கள். மறைந்தால் கோளாறு வால்வில். நின்றால் சாக்கெட்டின் அழுக்கிலோ ஒயரிங்கிலோ தேடுங்கள்.