ஊருக்குப் போகாத தீபாவளி: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

ஷார்ஜாவுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இதில் ஊரில் கொண்டாடிய தீபாவளி மூன்றுதான். இந்த வருஷம் எங்கள் ரூமுக்குப் புதிதாக மூன்று தம்பிகள் வந்திருக்கிறார்கள். ராத்திரி அவர்கள் வீட்டுக்குப் போன் பேசுவது காதில் விழும்போதெல்லாம், அந்த வயதில் நான் பேசியதே திரும்ப வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். துணி எடுப்பது, வாழ்த்து அனுப்புவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

"லீவு கேட்டிருக்கேன், பாப்போம்மா"

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

2018 தீபாவளி நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. ஒரு மாதம் முன்னாலேயே எனக்கு லீவு கிடையாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "பாப்போம்மா, கேட்டிருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா மனசு நோகக்கூடாது என்று நினைத்தேன். உண்மையில் அந்த ஒரு நிமிஷ அழுகையைக் கேட்கப் பயந்தது நான்தான்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? "பாப்போம்" என்பதை அம்மா "வரேன்" என்று எடுத்துக்கொண்டது. எந்த அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் காயும் முன் இடித்துச் சலித்து, வெல்லப்பாகு காய்ச்சி ஊற்றிக் கிளறி, அதிரச மாவைச் சட்டியில் போட்டுத் துணி கட்டி வைத்திருக்கிறது. எனக்குச் சூடாகச் சுட்டால்தான் பிடிக்கும் என்பதால், வந்தபிறகு சுடலாம் என்று தொடவே இல்லை. அப்பா திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டார். நான் வரவில்லை என்று சொன்னது தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சரிப்பா, சாப்பிட்டியா" என்றது. அவ்வளவுதான். அப்புறம் ரொம்ப நாள் கழித்துத் தங்கச்சி சொன்னாள், அந்தச் சட்டியை யாரையும் திறக்க விடவில்லையாம், கடைசியில் சுட எடுத்தபோது மாவு புளித்து, எண்ணெயில் போட்டதும் பிரிந்து போனதாம். இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. நேற்று எங்கள் ரூம் தம்பி ஒருவன் அதே "பாப்போம்மா"வைச் சொன்னபோது போனைப் பிடுங்கலாமா என்று இருந்தது.

லீவு இல்லை என்று தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "இந்தத் தீபாவளிக்கு வர முடியாதும்மா, சித்திரையில்தான் லீவு" என்று மாதத்தோடு சொல்லுங்கள். ஒரு ராத்திரி அழும். மறுநாளே யார் இங்கே திரும்பி வருகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடும்.

வாட்ஸ்அப்பில் கூப்பிடலாம் என்று இருப்பது

புதிதாக வருபவர்களுக்கு இது தெரிவதில்லை. இங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. போட்டிம் மாதிரி இங்கே அனுமதி உள்ள ஆப் வேண்டும், அது அம்மாவின் போனிலும் இருக்க வேண்டும். பண்டிகைக் காலையில் எண்ணெய்க் கையோடு இருப்பவர்களிடம் "ஓடிபி வந்திருக்கா பாரு" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பதினைந்து நாள் முன்னால் பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் போட்டு, இரண்டு தடவை பேசிப் பாருங்கள்.

விடிகாலையில் மட்டும் பேசுவது

ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். அங்கே காலை 6லிருந்து 7 வரை பட்டாசு நேரம், இங்கே 4.30. அப்போது கூப்பிட்டால் சத்தம்தான் கேட்கும், போன் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டு வைத்துவிடுங்கள். நம் சாப்பாட்டு இடைவேளை 12.30 என்றால் அங்கே 2 மணி. வந்தவர்கள் போய், பாத்திரம் கழுவி, அம்மா தலையைச் சாய்க்கும் நேரம். அப்போது கூப்பிடுங்கள். நிஜமான பேச்சு அப்போதுதான் வரும்.

பணம்

பத்து நாள் முன்னால் அனுப்புங்கள். முந்தின நாள் வரும் பணத்தில் புடவை எடுக்கலாம், ஜாக்கெட் தைக்க முடியாது.

பட்டாசு

இங்கே அனுமதியில்லாமல் வெடிப்பது குற்றம். வேண்டாம்.

லீவு போட்டு ரூமில் படுத்துக்கொள்வது

ஊருக்குத்தான் போகவில்லை, ஒரு நாள் ஓய்வாவது எடுப்போம் என்று நானும் ஒரு வருஷம் லீவு போட்டேன். எல்லோரும் வேலைக்குப் போனபிறகு காலி ரூமில் ஊர்ப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், அந்தப் பகல் நகரவே இல்லை. வேலைக்குப் போங்கள். ஆனால் அதற்கு முன் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிடுங்கள், மூன்று மணிக்கு எழ வேண்டி இருந்தாலும் பரவாயில்லை. கறியை முந்தின ராத்திரியே கழுவி மஞ்சள் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், சாயங்காலம் வந்ததும் ஒருவர் இட்லி ஊற்ற, ஒருவர் குழம்பு வைக்க, ஏழு மணிக்கெல்லாம் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிடலாம்.

போன வருஷம் எங்கள் ஊர்ப் பையன் லீவு முடிந்து வரும்போது பழைய பூஸ்ட் டப்பா ஒன்று கொண்டுவந்தான். அடியில் போட்ட பேப்பர் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. ஒன்பது அதிரசம், ஒன்றுகூட உடையவில்லை. ரூமில் ஆறு பேர்.