பிக்அப் ஏசியில் கூலிங் குறைந்ததும் கேஸ் ஏற்றப் போகாதீர்கள்

பொலேரோ பிக்அப், டி-மேக்ஸ், ஹைலக்ஸ், எந்த வண்டியானாலும் சரி. சித்திரை வெயிலில் ஏசி காற்று வெதுவெதுவென்று வந்தால் உடனே சொல்லப்படுவது ஒன்றுதான்: "கேஸ் கம்மியா இருக்கும், ஏத்திடலாம்." வீண் செலவு அங்கேதான் தொடங்குகிறது. ஏசி கேஸ் டீசலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் குறையலாம். ஒரே கோடையில் குறைந்துவிட்டதென்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றும் கேஸ் காற்றோடுதான் போகும்.

கூலிங் எப்போது குறைகிறது என்று முதலில் கவனியுங்கள். ஓடும்போது நன்றாக இருந்து சிக்னலில் நின்றதும் குறைந்தால், பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. கிளம்பும்போது ஜில்லென்று வந்து, ஒரு மணி நேரம் கழித்து காற்றின் வேகமே குறைந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயிலின் குளிரைக் கவனிக்கும் சென்சாரையோ தெர்மோஸ்டாட்டையோ பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே காற்று குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சுமை ஏற்றும் பிக்அப்கள் சிலவற்றில் அந்த ஃபில்டரே கிடையாது. தூசி நேராகக் காயிலில் போய், ஈரத்தோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதில் எதற்கும் கேஸ் மருந்தல்ல.

பிக்அப்பில் அதிகம் ஏமாற்றுவது கண்டென்சர்தான். செம்மண் சாலை, வைக்கோல், மணல் என்று ஓடும் வண்டியில் கண்டென்சரின் முன்பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும்; அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அழுக்கு அடைத்துக் கிடக்கும். டார்ச் அடித்து மேலிருந்து அந்த இடைவெளியைப் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகப் பிடித்து அடிப்பது பெரிய தவறு. மெல்லிய அலுமினிய இதழ்கள் மடங்கிவிட்டால் அந்த இடத்தில் காற்று நுழையாது. இன்ஜின் ஆறிய பிறகு, சாதாரண ஹோஸ் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி விட வேண்டும். கிரில்லை மறைத்துப் பெரிய லைட், போர்டு மாட்டியிருந்தால் அதையும் இடம் மாற்றுங்கள்.

ஃபேனையும் விட்டுவிடக் கூடாது. விஸ்கஸ் ஃபேன் (சூடேறினால் இறுகிப் பிடிக்கும் கிளட்ச் வைத்த ஃபேன்) உள்ள டீசல் வண்டியில், நன்றாக ஓட்டி வந்து இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப வேண்டும். தட்டினதும் தாராளமாகச் சுற்றினால் அந்தக் கிளட்ச் போய்விட்டது.

கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓடுகிறது, காற்றும் பலமாக வருகிறது, ஆனாலும் குளிர்ச்சி இல்லையா? பானட்டைத் திறந்து, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், ஃபயர்வாலுக்குள் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) போகும் பருமனான ஏசி குழாயைத் தொடுங்கள். அது ஜில்லென்று வியர்த்திருந்தும் உள்ளே வெதுவெதுப்பாக வந்தால், ஹீட்டரின் சூடு கலக்கிறது. வெப்பநிலைக் குமிழின் கேபிள் தளர்ந்து ஹீட்டர் கதவோ வால்வோ முழுதாக மூடாமல் இருக்கும். இது சில நிமிட வேலை. இதற்குப் போய் கம்ப்ரசர் மாற்றியவர்கள் உண்டு.

அடுத்தது அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து ஏமாறுவது. வண்டி அணைந்திருக்கும்போது "95 காட்டுது, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள். வண்டி ஏசிகளில் வழக்கமாக இருக்கும் ஆர்-134ஏ கேஸ் திரவமாகக் கொஞ்சம் உள்ளே இருந்தாலே போதும், 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் அதே எண்தான். ஓடும்போது பார்க்கும் அழுத்தம் கோளாறைக் கண்டுபிடிக்க உதவும். வெளியே 35 டிகிரி, இன்ஜின் 1500 ஆர்பிஎம் என்றால் கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் லோ பக்கம் சுமார் 30-40, வெளியேறும் ஹை பக்கம் சுமார் 200-250 பிஎஸ்ஐ இருக்கலாம். ஆனால் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதைத் தராசுதான் சொல்லும். அளவு பானட் ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும்.

"கொஞ்சம் கூட இருந்தா நல்லா கூலாகும்" என்பதும் தவறு. மிகுந்த திரவம் கண்டென்சருக்குள் தேங்கி, கேஸ் ஆறுவதற்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹை பிரஷர் ஏறும், கூலிங் குறையும், பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை அடிக்கடி நிறுத்தும்.

லீக் தேடும்போது எண்ணெய்க் கறையைத் தேடுங்கள். கேஸ் வெளியேறும் இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் கசிந்து, அதன்மேல் தூசி படிந்து கருப்பாக ஈரம் தெரியும். ஹோஸ் மடிப்பு, கம்ப்ரசர் ஷாஃப்ட், கண்டென்சரின் அடி ஓரம், சர்வீஸ் பின் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். காலி சிஸ்டத்தில் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். லீக்கை அடைக்கும் கெமிக்கல் டின்களை ஊற்றாதீர்கள். காயிலுக்குள் திரவத்தை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைத்துவிடும்.

வாக்குவம் போடாமல் (பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல்), கொஞ்சம் கேஸை விட்டு ஊதித் தள்ளிவிட்டு நிரப்புவது இன்னொரு குறுக்குவழி. உள்ளே தங்கும் காற்று குளிர்ந்து திரவமாகாது, அழுத்தத்தை மட்டும் ஏற்றும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாக உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். கேஜில் 29 அங்குலப் பாதரச அளவுக்கு மேல் வாக்குவம் இழுத்து, குறைந்தது 30 நிமிடம் ஓடவிட்டு, பம்பை நிறுத்தி 15 நிமிடம் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனைத் திறந்து வேலை செய்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், இணைப்புகளிலுள்ள ரப்பர் ஓ-ரிங்குகளையும் மாற்றுங்கள். ஆயில் கம்ப்ரசரில் எழுதியிருக்கும் வகையாகவே இருக்க வேண்டும்; பிஏஜி 46 என்ற வகை ஆயில் கேட்கும் இடத்தில் கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது.

விலை குறைவு என்று எல்பிஜி கலந்த கேஸ் ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கூலிங் வரும், உண்மைதான். ஆனால் டேஷ்போர்டுக்குள் காயில் லீக்கானால் மூடிய கேபினில் எரிவாயு நிறையும். ஒரு தீப்பொறி போதும்.

பணம் கொடுக்கும் முன் நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, 1500 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் வென்ட்டில் 10 டிகிரி அளவுக்கு வர வேண்டும். பழைய கேஸ் எத்தனை கிராம் எடுக்கப்பட்டது, புதிதாக எத்தனை கிராம் ஏற்றப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை கேஸை வெளியே எடுக்கும்போது எத்தனை கிராம் குறைகிறதோ, அதுதான் இடைப்பட்ட காலத்தில் லீக்கான அளவு.