வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லங்களில் தொண்டாற்றச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரித் தேர்வுகள் முடியும் பருவத்தில், கம்போடியாவுக்கோ நேபாளத்துக்கோ சென்று அங்குள்ள குழந்தைகள் இல்லமொன்றில் சில வாரங்கள் தொண்டாற்றிவிட்டு வரலாம் என்ற எண்ணத்தோடு புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் இளைஞர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். கம்போடியாவின் சியெம் ரீப் பகுதியில் நான் பணியாற்றியவள் என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளியில் பிரெஞ்சு படித்திருப்பதால் பழைய பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் சமாளித்துவிடலாம் என்று நம்புவோரும் அவர்களில் உண்டு. அங்கே பிள்ளைகள் பேசுவது கெமர் மொழி. பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டுமானால் முதியவர் யாரையாவது தேடிப் பிடிக்க வேண்டும்.

தடுப்பூசி போடாமல் போவது, பயணக் காப்பீடு எடுக்காமல் போவது, அரைக்கால் சட்டையோடு புத்தர் கோயிலுக்குள் நுழைவது போன்றவற்றை எந்தப் பயண முகவரும் எச்சரித்துவிடுவார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நானும் என்னோடு இருந்தவர்களும் ஒருகாலத்தில் செய்து, இன்று புதியவர்கள் வரி பிசகாமல் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் என்று எண்ணுவது

கம்போடியா என்றதும் சர்வாதிகாரி போல் பாட் ஆட்சியின் படுகொலைகள் நினைவுக்கு வருவதால், அங்குள்ள இல்லங்கள் எல்லாம் அந்தக் கொடுமையின் எச்சம் என்று பலரும் கருதுகிறார்கள். அந்த ஆட்சி 1979இல் முடிந்துவிட்டது. ஆனால் 2005க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது. அந்த ஆண்டுகளில் அங்கே உள்நாட்டுப் போர் எதுவும் நடக்கவில்லை. சியெம் ரீப் அருகிலுள்ள அங்கோர் வாட் கோயிலைக் காண வரும் பயணிகளின் கூட்டமே பெருகிக்கொண்டிருந்தது. இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதும் தெரியவந்தது. நேபாளத்திலும் இதே நிலைதான். வறுமை மிகுந்தவை மேற்கு மலை மாவட்டங்கள்; இல்லங்களோ காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலும், போக்ரா அமைந்துள்ள காஸ்கியிலும், காண்டாமிருகம் பார்க்கப் பயணிகள் போகும் சித்வனிலும் நெருக்கியடித்து நிற்கின்றன.

பிள்ளைகளைப் பெற்றோர் வெறுத்து அனுப்பவில்லை. படிக்க வைக்கிறோம், மூன்று வேளை சோறு போடுகிறோம் என்று யாரோ சொன்னதை நம்பி அனுப்பினார்கள். பயணிகள் தரும் கட்டணத்துக்காகவும் நன்கொடைக்காகவும் பிள்ளைகளை இல்லங்களில் சேர்ப்பதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வகையாக ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இத்தகைய இல்லங்களைப் படிப்படியாகக் குறைத்துப் பிள்ளைகளைக் குடும்பங்களில் வளர்க்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலேயே மிஷன் வாத்சல்யா என்னும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை தரப்படுகிறது. சென்னையிலிருந்து பாங்காக் வழியாகச் சியெம் ரீப் போய்வரும் செலவு எத்தனை மாத உதவித்தொகைக்குச் சமம் என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் தத்தம் வீட்டுக்குத் திரும்பினார்கள்? இதற்கு நேரான பதில் தராமல், எத்தனை பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்துக்குப் போக வேண்டாம்.

பிள்ளைக்குத் தாயாக மாறிவிடுவது

இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் காணும்போது எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

சியெம் ரீப்புக்கு வெளியே இருந்த ஓர் இல்லத்தில் சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண்மணி இருந்தார்; வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். விடியும் முன் எழுந்து அரிசிக் கஞ்சி வைத்துவிட்டு, முற்றத்துப் பெரிய சாடியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிப் பிள்ளைகளை வரிசையாகக் குளிப்பாட்டி, தம் கழுத்தில் கிடக்கும் கட்டம் போட்ட கிராமாத் துண்டால் தலை துவட்டி அனுப்புவார். கொஞ்சிப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால், யார் இரவில் பாயை நனைப்பான், யாருக்கு இடிச் சத்தம் ஆகாது, யார் கஞ்சியில் பூண்டு கிடந்தால் ஒதுக்குவாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அங்கே நம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நல்ல பெண், வேலைக்கு அஞ்சாதவள். நான்கு வயதுப் பையன் ஒருவன் முதல் நாளே அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டுவதும், சோறு ஊட்டுவதும், தட்டித் தூங்க வைப்பதும் அவளுடைய வேலைகளாயின. சில நாள்களில் அவன் கிராமாத் துண்டை வேண்டாமென்று தள்ளினான். அவளுடைய பூப்போட்ட துவாலைதான் வேண்டுமென்று அடம்பிடித்தான். அந்தப் பெண்மணி ஒன்றும் பேசாமல் அடுத்த பிள்ளையை இழுத்துத் துவட்டத் தொடங்கினார். "அக்கா, என்னைத் தவிர வேற யாருகிட்டயும் போகமாட்டேங்கிறான்" என்று அவள் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை. விடுமுறை முடிந்து கிளம்பியபோது, சீக்கிரம் திரும்பி வருவதாக அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த சில நாள்களுக்கு அவன் கஞ்சியைத் தொடவில்லை. நின்றுபோயிருந்த பாய் நனைக்கும் வழக்கம் திரும்பி வந்தது. நள்ளிரவில் எழுந்து பாயை மாற்றியவர் அந்தப் பெண்மணிதான். அவர் கையையும் அவன் தட்டிவிட்டான். புதிய குழு வந்து இறங்கியதும் அவன் ஓடிப்போய், முன்பின் பார்த்திராத ஓர் இளைஞனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இளைஞன் உடனே கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டான்.

இதைக் கேட்பவர்கள் அந்தப் பெண்ணைக் குறை சொல்கிறார்கள். அவளை அழைத்துவந்த நிறுவனம் தந்த கையேட்டிலேயே, பிள்ளைகளுக்கு அன்பை அள்ளி வழங்குங்கள் என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். வந்தவர்கள் போன பிறகு நடப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தெரியாதவர் ஒருவரிடம் பிள்ளை ஓடிவந்து ஒட்டிக்கொள்வதை நாம் வரவேற்பு என்று எடுத்துக்கொள்கிறோம். நம் வீட்டு நான்கு வயதுப் பிள்ளை, வாசலுக்கு வந்த யாரோ ஒருவர் மடியில் போய் உட்கார்ந்தால் பதறிப்போவோம். புதியவரைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிவதுதான் அந்த வயதின் இயல்பு. ஒளிந்துகொள்ள நிலையான ஓர் ஆள் இல்லாத பிள்ளைதான் எதிரே வருகிற எல்லாரிடமும் தாவுகிறது. தாயன்பின் தொடர்ச்சி அறுபடுவது பிள்ளையின் மனநலத்தைக் கெடுக்கும் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இலேயே அறிக்கை எழுதினார். ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு, இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரு தரப்பினரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், பல வகைகளில் தேறினார்கள். பிள்ளைக்கு வேண்டியது தினமும் வந்து நிற்கிற ஒரே முகம். மாதந்தோறும் மாறுகிற முகங்கள் எவ்வளவு அன்பானவையாக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. இருக்கிற ஒரு முகத்தையும் அவை ஓரம்கட்டிவிடுகின்றன.

ஆகவே, தொண்டாற்றப் போகிறவர் பராமரிப்பாளருக்கு உதவவே போக வேண்டும் என்பது என் கட்சி. அவர் துலக்க வேண்டிய அண்டாக்களைத் துலக்கலாம். கிழிந்த கொசுவலைகளைத் தைக்கலாம், ஒழுகும் குழாயைச் சரிசெய்யலாம், இல்லத்தின் கணக்கு நோட்டுகளையும் பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவுகளையும் கணினியில் ஏற்றித் தரலாம். அதனால் அவருக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேரும். பையன் உங்கள் மடியில் ஏறினால் தள்ளிவிட வேண்டியதில்லை. சிறிது பேசிவிட்டு, கையைப் பிடித்து அவரிடம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். துண்டு அவர் கையிலேயே இருக்கட்டும். புறப்படும் நாளை வந்த அன்றே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள், வரும் எண்ணம் இருந்தாலும்.

ஆங்கிலம் கற்பிப்பது

வருகிற ஒவ்வொருவரும் நிறங்களின் பெயர்களிலிருந்தே தொடங்குகிறார்கள். போன மாதம் வந்தவரும் அதையேதான் கற்பித்தார். பிள்ளைகள் மரியாதை கருதி, சிவப்புக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியாததுபோல விழிப்பார்கள். நீங்கள் சொல்லித் தந்ததும் வியந்து கைதட்டுவார்கள். அங்குள்ள ஆசிரியருக்குப் பாடத் துணைப்பொருள்கள் செய்து தாருங்கள். அவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பார்.

கதை கேட்பது

2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையோரத்தில் நிவாரணப் பணிக்கு வந்தவர்கள் பலரும், பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளை அருகில் அழைத்து, அன்று காலை என்ன நடந்தது என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நல்லவர்கள், சிலர் கேட்டு முடித்ததும் அழுதார்கள். சில மாதங்களில் பிள்ளைகள் அதை மனப்பாடப் பாட்டுப்போல ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த இடத்தில் கேட்பவரின் கண் கலங்கும், எந்த இடத்தில் பை திறக்கும் என்பதும் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. இதை நேரில் அறிந்த ஊரிலிருந்து போகிறவர்களே கம்போடியாவில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, உன் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். வற்புறுத்திக் கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

புகைப்படம்

இந்தியாவில், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் படத்தையோ பெயரையோ ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே குற்றமாக இருப்பது விமானம் ஏறியதும் புண்ணியமாக மாறிவிடாது.

சாக்லேட்

வேண்டாம்.

பெட்டி நிறையத் துணி கொண்டுபோவது

எடைக் கட்டணம் கட்டித் தூக்கிப்போவதற்குள் அங்குள்ள சந்தையிலேயே வாங்கிவிடலாம். வியாபாரமும் அந்த ஊருக்கே போகும்.

நடனம் பார்க்கப் போவது

மாலை நேரத்தில் பிள்ளைகளை அப்சரா உடையில் நிறுத்தி, பயணிகளுக்கு முன் ஆடவைத்து உண்டியல் ஏந்தும் இல்லங்கள் சியெம் ரீப்பில் இருந்தன. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்லர் என்று 'பிரண்ட்ஸ் இன்டர்நேஷனல்' அமைப்பு 2011இல் பிரசாரம் தொடங்கியது இப்படிப்பட்ட நிலைமையில்தான். முன்னறிவிப்பு இல்லாமல் யார் வந்தாலும் கதவைத் திறந்து பிள்ளைகளைக் காட்டும் இல்லத்தில் கால் வைக்க வேண்டாம்.

விசாவும் நன்னடத்தைச் சான்றும்

கம்போடியாவின் சுற்றுலா விசா சுற்றிப் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. சம்பளம் இல்லாத வேலைதானே என்று வாதிடுவதில் பயனில்லை. பணிக்கென வழங்கப்படுவது ஈ வகை விசா. அதை நீட்டிக்கத் தேவைப்படும் பணிக் கடிதத்தை இல்லம்தான் தர வேண்டும். தர மறுத்தால் அந்த இல்லம் பதிவு பெற்றதுதானா என்று ஐயப்பட இடம் உண்டு.

காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, குறித்த நாளில் நேரில் செல்ல வேண்டும். வீட்டு முகவரி மாறியிருந்தால் காவல் நிலைய விசாரணைக்குக் கூடுதல் நாள்கள் பிடிக்கும். ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். இல்லம் இந்தச் சான்றைக் கேட்காவிட்டால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். உங்களிடம் கேட்காதவர்கள் உங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.