பழைய சொகுசு எஸ்யூவி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால்: கம்ப்ரசர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் வந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கம் தரையோடு அமுங்கிக் கிடக்கிறது. சாவியைத் திருப்பினால் சஸ்பென்ஷன், ஏபிஎஸ், டிராக்‌ஷன் என்று டேஷ்போர்டில் வரிசையாக விளக்கு எரிகிறது. ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி 3, மெர்சிடிஸ் ஜிஎல், டுவாரெக், கயேன் என எந்தப் பழைய ஏர் சஸ்பென்ஷன் வண்டி (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில், காற்று அடைத்த ரப்பர் பையான ஏர் ஸ்பிரிங்கின் மேல் நிற்பது) வைத்திருப்பவருக்கும் இந்தக் காலை ஒரு நாள் வரும். அன்றைக்கு என்ன செய்கிறோம் என்பதில்தான் செலவு சின்னதா பெரியதா என்பது இருக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஸ்கேனரை மாட்டுகிறார்கள், ஒரு கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீடு) வருகிறது, அதில் எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ அதை வாங்குகிறார்கள். டிஸ்கவரி 3-ல் அடிக்கடி வரும் சி1ஏ20 என்ற கோடு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தொட்டியை நிரப்பும்போது அழுத்தம் மெதுவாக ஏறுகிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் அது வரும். காற்று உள்ளே இழுக்கும் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வரும். காற்றை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாவிட்டாலும், குழாயில் கசிவு இருந்தாலும், கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரம் குறைந்தாலும் அதே கோடுதான். இத்தனையில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கம்ப்ரசரை மாற்றினால், மாதம் இரண்டு கழித்து அதே விளக்கு திரும்ப எரியும்.

ஆகவே முதலில் பேட்டரியைப் பாருங்கள். இந்த வண்டிகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கம்ப்யூட்டர், எல்லாம் கம்பி வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வோல்டேஜ் சரிந்தால் ஒன்று பேச்சை நிறுத்தும், மற்றவை எல்லாம் அதன்மேல் புகார் எழுதும். பேட்டரி சாகும் நிலையில் இருக்கும் வண்டியில் இருபது கோடு வருவதில் அதிசயமே இல்லை. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஆனால் 12.6 காட்டிவிட்டதே, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதும் தவறு. ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரியை நம்ப முடியாது.

சரி, கோடுகளை என்ன செய்வது? அழிக்கும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்துவிட்டு அழியுங்கள். ஒரு நாள் ஓட்டுங்கள். அப்புறம் திரும்பி வருவது எதுவோ அதைத் துரத்துங்கள். பழைய கோடுகளைக் குறித்துக்கொள்ளாமல் முதல் வேலையாக அழித்துவிட்டால், கையில் இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

எர்த் கம்பியை ஓம் மீட்டரில் பார்த்து நல்லது என்று சொல்வது இன்னொரு பொறி. பத்து இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ஏறத்தாழ பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். கம்ப்ரசர் இழுப்பதோ பல ஆம்பியர். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கம்ப்ரசரின் எர்த் முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் போனால் அந்த வழியில் எங்கோ கோளாறு இருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இப்படியே பார்க்கலாம்.

இரவில் பேட்டரி வடிகிறது என்றால் கதவைத் திறந்துவைத்து உடனே ஆம்பியர் பார்க்காதீர்கள். எல்லா கம்ப்யூட்டரும் தூங்க 20 முதல் 40 நிமிடம்வரை ஆகலாம். பூட்டி, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அதற்குப் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதிகம் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்காமல், ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளிலும் மில்லிவோல்ட் பாருங்கள். பிடுங்கினால் தூங்கியவை எழுந்துவிடும், பிறகு மறுபடி காத்திருக்க வேண்டும். 1994-ல் அறிமுகமான பி38 ரேஞ்ச் ரோவரில், ரிமோட் சாவிக்கான ரிசீவர் அக்கம்பக்கத்து ரேடியோ அலைகளைக் கேட்டே விழித்துக்கொண்டு பேட்டரியை வடித்துவிடும். அதை ஆல்டர்னேட்டர் கோளாறு என்று மாற்றியவர்கள் உண்டு.

கார்ப்பெட்டின் மேல் கை வைத்து, காய்ந்திருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அடியில் இருக்கும் பஞ்சுக்குள் விரலை நுழைத்து அழுத்திப் பாருங்கள். சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும், வயரிங்கும் கனெக்டரும் பல வண்டிகளில் அதே இடத்தில்தான் இருக்கின்றன. கனெக்டருக்குள் இருக்கும் உலோக முனை ஒன்று பச்சை பூத்தால், அதனால் வரும் கோளாறு மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும்.

இப்போது காற்றுக்கு வருவோம். கண்ணால் பார்த்து, முன்பக்கம் இறங்கியிருக்கிறது என்று சொல்வது போதாது. ஒரு அளவு டேப் எடுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே ஃபெண்டர் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிஸ்கவரி 3 போன்ற வண்டிகள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் இறக்கிவிடும். ஒரே ஒரு மூலையில்தான் கசிவு இருக்கும், ஆனால் நான்கும் சமமாக இறங்கி நிற்கும். நிறுத்தியதும் சஸ்பென்ஷன் ஃபியூஸை எடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். அப்போது ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த ஏர் ஸ்பிரிங், அதன் குழாய், இணைப்பு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால், ஏர் ஸ்பிரிங்குகளுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு பிளாக்கையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

சோப்புத் தண்ணீர் அடிக்கும்போது வண்டி தாழ்ந்த நிலையில் இருந்தால் பயனில்லை. ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் வெடிப்பது அடிப்பக்கம் மடிந்து சுருளும் இடத்தில். வண்டி உயர்ந்த நிலைக்குப் போனால்தான் அந்த மடிப்பு விரிந்து வெளியே தெரியும். பெரிய குமிழி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழாய் செருகும் இடத்தில் கடுகளவு நுரை மெல்லத் திரண்டு நின்றாலே போதும், ஓர் இரவில் வண்டியை இறக்க அது போதுமான கசிவு.

நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு வண்டியில் ஒரு வருடத்துக்குள் இரண்டு கம்ப்ரசர் போயிருந்தது. மூன்றாவதை மாட்டும் முன், கம்ப்ரசருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயைக் கழற்றினோம். அதன் ஒரு கால் பழுப்பேறி, பக்கத்து பிளாஸ்டிக் உருகி வளைந்திருந்தது. உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டதால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகியிருக்கிறது. இருப்பதிலேயே மலிவான பாகம் அது. கம்ப்ரசர் மாற்றினால் ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள், கசிவை அடைக்காமல் புதிய கம்ப்ரசரை மாட்டவே மாட்டாதீர்கள். ஈரம் உறிஞ்சும் டிரையரிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியிருந்தால் அது வால்வு பிளாக்கையும் கெடுத்திருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

காற்றே கசியாமலும் வண்டி சாயும். உயர சென்சாரின் சின்னக் கம்பி துருப்பிடித்து இறுகினாலோ முறிந்தாலோ, கம்ப்யூட்டர் தவறான உயரத்தைச் சரி என்று நம்பும். ஸ்கேனரில் இடது வலது அளவுகளை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கசிவால் சாயும் வண்டியை காலிப்ரேஷன் செய்து (கம்ப்யூட்டரில் உயர அளவைத் திருத்தி) நிமிர்த்தப் பார்க்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காற்றின் பலத்தில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். கதவைத் திறந்தாலே விழித்து, சொல்லாமல் இறங்கும் வண்டிகள் இவை. சஸ்பென்ஷனை நிறுத்தி, பாடியையோ சேஸையோ உறுதியான ஸ்டாண்டில் தாங்கவைத்த பிறகு அடியில் போங்கள். குழாயைக் கழற்றும் முன் ஸ்கேனர் வழியே காற்றை வெளியேற்றுங்கள். புதிய ஸ்பிரிங் மாட்டியதும், காற்று ஏற்றாமல் வண்டியின் எடையை அதன்மேல் இறக்கினால் மடிப்பு கோணலாக அமுங்கி அன்றே கிழியக்கூடும்.

வேலை முடிந்ததும் அதே நான்கு மூலையை, அதே டேப்பால், ஃபியூஸை எடுத்துவிட்டு இரண்டு இரவு அளந்து பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.