பகாவிலிருந்து பஸ்ஸில் போய் அங்சி மலை ஏறி, அன்றைக்கே வீடு திரும்புவது எப்படி?

குனோங் அங்சி 825 மீட்டர். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் முதல் தடவை மலை ஏறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மலை கிடைக்காது. சொந்தக் காடி (கார்) இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. பஸ்ஸை நம்பிப் போகிற கூட்டாளிகளுக்குத்தான் இது.

ஏறும் பாதை சிரம்பான் – கோலப் பிலா பெரிய ரோட்டோரம், உலு பெண்டுல் பொழுதுபோக்குக் காட்டில் தொடங்குகிறது. பகாவிலிருந்து கோலப் பிலா வழியாக சிரம்பான் போகும் பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். அதனால் சிரம்பான் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

முந்தின நாள்

பகாவ் பஸ் நிலையத்துக்கு நேரில் போய் இரண்டு நேரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பகாவிலிருந்து காலையில் புறப்படும் முதல் பஸ், சிரம்பானிலிருந்து பகாவுக்குச் சாயங்காலம் கிளம்பும் கடைசி இரண்டு பஸ்கள். பலரும் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். முதல் பஸ் தவறினால் இன்னொரு நாள் போகலாம். திரும்பும் பஸ் தவறினால் இருட்டில் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். நேரத்தை ஃபோனில் தேடிப் பார்க்காதீர்கள். இணையத்தில் கிடக்கும் அட்டவணைகளில் பழையவைதான் அதிகம். கவுண்டரில் கேட்பதே சரி. வெள்ளிக்கிழமை போகவே வேண்டாம், தொழுகை நேரத்தில் நடுவில் பஸ் இல்லாமல் போகலாம்.

கடைசி பஸ் இருப்பதையே மறந்துவிடுங்கள். அதற்கு முந்தின பஸ்தான் உங்கள் பஸ். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உதாரணமாக அது சிரம்பானிலிருந்து 5.00 மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். உலு பெண்டுல் தாண்ட அரை மணி நேரம் ஆகும், ஆனால் ரோடு காலியாக இருந்தால் சீக்கிரமே வந்துவிடும். எனவே 5.10க்கு ரோட்டில் நிற்க வேண்டும். குளித்து உடை மாற்ற 40 நிமிடம், அப்படியானால் 4.30க்கு மலையடிவாரம். இறங்க இரண்டரை மணி நேரம். உச்சியை விட்டு 2.00 மணிக்குக் கிளம்பினால்கூட போதும் என்று தோன்றும். போதாது. பிற்பகல் மழை இந்தக் கணக்கைப் பார்த்து வராது. திரும்பும் நேரம் 12.30 என்று வையுங்கள். 12.30க்கு எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். இதை மலையில் வைத்துப் பேசினால் சண்டைதான் வரும். முந்தின நாளே எல்லாரும் ஒத்துக்கொள்ளட்டும்.

ஏறுவதற்கு எவ்வளவு ஆகும்? 1892ல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உலு பெண்டுல் பாதை ஒரு வழிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப்படி இரண்டு மணி நேரம். அது குளிர்நாட்டு மலைக்கு. நம் காட்டு வெக்கைக்கும் வேருக்கும் சேற்றுக்கும் ஒன்றரை மடங்காக்குங்கள், மூன்று மணி நேரம். பழக்கமில்லாத ஆள் ஒருவர் கூட இருந்தால் மூன்றரை.

ஆட்கள் நான்கிலிருந்து ஆறு. ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இருவர் கீழே இறங்கி ஆளைக் கூப்பிடலாம். மூன்று பேராகப் போனால் யாரோ ஒருவர் தனியாகக் காட்டில் நடக்க நேரும். தோட்டத்துக்குள் இருப்பவர்கள் விடியற்காலையில் டவுனுக்கு வர மோட்டாருக்கு ஆள் பேசி வையுங்கள்.

காலில் என்ன, பையில் என்ன

விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்து வாங்காதீர்கள். கம்பங் அடிடாஸ் போதும். பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் குமிழ் குமிழாக இருக்கும் ரப்பர், சிவப்பு மண்ணிலும் ஈர வேரிலும் பிடித்து நிற்கும். ஆற்றில் இறங்கினால் ஊறாது. கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடக்கலாம். குறைகளும் உண்டு: காற்றே போகாது, அடி மெல்லியது, கல் குத்துவது தெரியும். ஒரு அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறை போடுங்கள். கால் நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் போய் முட்டும். வெட்டாத நகம் மறுநாள் கறுத்திருக்கும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். பெரிய போத்தல் ஒன்றைவிட அரை லிட்டர் போத்தல் நான்கு நல்லது, எவ்வளவு மீதி என்று உடனே தெரியும். ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்; எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் அதில்தான் ஒளிந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு என் ஓட்டு புளிச்சோறுக்கு. புளியும் நல்லெண்ணெயும் உச்சிவெயில் வரை தாங்கும். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு. மூடிய பையில் வெக்கையில் கிடந்தால் மதியத்துக்குள் நசநசத்துவிடும். அதைப் பஸ் ஏறும் முன் பசியாறிவிடுங்கள். இட்லி கொண்டுபோனால் பொடியோடு, தேங்காய்ச் சட்னி கூடாது.

மற்றவை: மழைச்சட்டை, நெற்றி விளக்கு (பகல் பயணம்தான், இருந்தாலும்), மாற்றுத் துணி ஒரு பிளாஸ்டிக் பையில், ஐ.சி. (அடையாள அட்டை), சில்லறை வெள்ளி, முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம். குடை வேண்டாம்.

பஸ்ஸில்

ஏறும்போதே ஓட்டுநரிடம் "உலு பெண்டுல்" என்று சொல்லி, அங்கே நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் உட்காருங்கள். கோலப் பிலா தாண்டியதும் யாரும் தூங்கக்கூடாது. தவறவிட்டால் அடுத்து புக்கிட் புத்துஸ் ஏற்றம். அங்கே இறங்கி நடந்து வருவது காடிகள் வேகமாக வரும் ரோட்டில் நடப்பது.

இறங்கியதும் வனத்துறை கவுண்டரில் பெயர், ஐ.சி. எண், ஃபோன் எண் பதிந்து, கட்டணம் கட்டி அனுமதி வாங்குங்கள். மழை கடுமையான நாட்களில் மலையை மூடிவிடுவதும் உண்டு, அதனால் முந்தின நாளே ஃபோனில் கேட்பது நல்லது. இறங்கியபின் மறக்காமல் திரும்பிவிட்டோம் என்று சொல்லுங்கள். சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டால் உங்களைத் தேடத் தொடங்குவார்கள்.

மலையில்

முதல் பகுதி ஆற்றோரம், கிட்டத்தட்ட சமதளம். இங்கேதான் எல்லாரும் ஓடுவார்கள். ஓட வேண்டாம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஆற்றை விட்டு விலகியதும் ஏற்றம் திடீரென்று நிமிரும். வேர்களே படிக்கட்டு, சில இடங்களில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றில் முழு எடையையும் போடாதீர்கள், யார் எப்போது கட்டியது என்று தெரியாது. ஒரு கை கயிற்றில், ஒரு கை வேரில். ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

அட்டை இருக்கும், மழைக்குப் பின் நிறைய. காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள். வெற்றிலைக்குப் போடும் புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து, சவர்க்காரத்தோடு சேர்த்துக் காலுறையில் தேய்ப்பது பழைய தோட்டத்து வைத்தியம். ஆற்றில் நனைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள், வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அந்தப் பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கினால் பிடி விடும். உடனே தடித்த முனையையும் தள்ளிச் சுண்டிவிடுங்கள். இரத்தத்தை உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் கசிவு வெகுநேரம் நிற்காது. பயப்பட ஒன்றுமில்லை, மெல்லிழைத்தாளை மடித்து அழுத்தி ஒட்டுங்கள்.

உச்சி திறந்தவெளி. இடி கேட்டால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

கவனிக்க வேண்டியது இது: உச்சிக்கு புக்கிட் புத்துஸ் பக்கமிருந்தும் ஒரு பாதை வருகிறது. குட்டையானது, செங்குத்து. இறங்கும்போது பேச்சுச் சுவாரசியத்தில் அதில் போய்விடுகிறார்கள். அது பழைய ரோட்டில் கொண்டுபோய் விடும். புது ரோடு வந்தபின் பெரும்பாலான வண்டிகள் அந்தப் பக்கம் போவதில்லை. நீங்கள் பதிந்த கவுண்டரும் அங்கே இல்லை. உச்சியை அடைந்தவுடன், உட்காரும் முன், வந்த பாதையின் வாயைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். கிளம்பும்போது அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து இறங்குங்கள்.

கீழே, பிறகு ரோட்டில்

ஆற்றில் குளிக்கலாம். ஆனால் மேலே மலையில் மேகம் கறுத்திருந்தால் கூடாது. கெப்பாலா ஆயர், அதாவது மேலே பெய்த மழையால் திடீரென்று பாயும் ஆற்று வெள்ளம், வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வரும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், முதலில் கரையேறுங்கள்.

பகாவுக்குத் திரும்ப, காலையில் இறங்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் களைப்பில் இறங்கிய இடத்திலேயே நின்று, பஸ் எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்தவர்கள் உண்டு. வளைவை ஒட்டி நிற்காதீர்கள். ஓட்டுநர் தூரத்திலிருந்தே உங்களைப் பார்த்தால்தான் நிறுத்துவார். ஒருவர் மட்டும் கையை நன்றாக நீட்டிக் காட்டட்டும். ஆறு பேரும் ஆட்டினால் டாட்டா காட்டுவது போலிருக்கும்.

பிறகு சேர்த்தது

பகாவ் என்று பலகை போட்ட பஸ்ஸுக்காகவே காத்திருந்து இருட்டிவிட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கோலப் பிலா வரை போகும் பஸ்ஸிலும் ஏறுங்கள். கோலப் பிலா பஸ் நிலையத்தில் வெளிச்சமும் கடையும் இருக்கும், அங்கிருந்து பகாவுக்கு மாறிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால், வீட்டிலிருந்து யாராவது கூட்டிப்போக வருவதற்கும் ரோட்டோரத்தைவிட கோலப் பிலாதான் வசதி. கிராப் வாடகைக் காடி கிடைக்கும் என்று எண்ணி உலு பெண்டுலில் நிற்க வேண்டாம்.

காட்டுக்குள் ஆபத்தென்றால் 999. ஆற்றுப் பள்ளத்தில் அலைவரிசை கிடைக்காவிட்டால் மேட்டுக்கு ஏறிப் பாருங்கள். அழைக்கும்போது எந்தப் பாதையில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், உலு பெண்டுலா, புக்கிட் புத்துஸா என்று.